ஓசூர் பிரிந்த பிறகு கிடைத்த கோப்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களில் யார் பெரியவர் என்று அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. கிரிக்கெட்டுக்கு நடுவில் இதற்கு இடம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. ஏழு மணிக்குப் பேப்பர் வந்தது. எட்டு மணிக்குள் மூன்று தடவை படித்துவிட்டேன். நாலாவது தடவை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். தர்மபுரி மாவட்டத்தில் முப்பத்தோரு வருடம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு அந்தப் பழக்கம் போகாது.

உங்கள் கட்டுரையாளர் போட்ட கணக்கு சுலபமானது. ஜான் வுடன் 10 தேசியக் கோப்பை, மைக் ஷிஷெஃப்ஸ்கி 5, அடால்ஃப் ரப் 4, பாப் நைட் 3, டீன் ஸ்மித் 2. பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே, வரிசை தயார். எண்களில் தப்பு எதுவும் இல்லை. என் தகராறு அந்த வரிசையோடுதான்.

என் கதை ஒன்றைச் சொன்னால் விளங்கும். 1984இல் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் எல்லாம் எங்கள் மாவட்டம்தான். மாவட்டப் போட்டி என்றால் கடைசியில் ஓசூர்ப் பிள்ளைகள் எதிரே வந்து நிற்பார்கள். அவர்களுக்கு சிமென்ட் கோர்ட், நல்ல ஷூ, பெங்களூர் போய் ஆடிப் பழகிய அனுபவம். நாங்கள் செம்மண் தரையில், தேய்ந்து தேங்காய் மாதிரி வழுக்கும் பந்தில் பழகியவர்கள். வருடா வருடம் தோற்போம். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அடுத்த போட்டியில் மாவட்டக் கோப்பை எங்களுக்கு! பிரேயரில் தலைமையாசிரியை என்னை மேடைக்குக் கூப்பிட்டு, கடின உழைப்பு, விடாமுயற்சி என்றெல்லாம் பேசினார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியும், எங்கள் ஆட்டம் ஒரு சாண்கூட ஏறவில்லை, ஓசூர்தான் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. அந்தக் கோப்பையிலும் மாவட்ட முதலிடம் என்றுதான் பொறித்திருந்தது.

வுடனின் பத்துக் கோப்பையை நான் குறைத்துப் பேசவில்லை. 1964க்கும் 1975க்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து. தொடர்ந்து 88 ஆட்டங்களில் வெற்றி. அந்த மாதிரி இன்னொருவர் வருவது கஷ்டம். ஆனால் 1964இல் தேசியப் போட்டிக்கு வந்தவை மொத்தம் 25 அணிகள். வுடனின் கல்லூரியான யு.சி.எல்.ஏ. நாலு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. 1985இல் அது 64 அணிகளானது, ஆறு ஆட்டம், ஒன்றில் சறுக்கினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வுடன் காலத்தில் பிள்ளைகள் பட்டம் வாங்கும்வரை கல்லூரியிலேயே இருந்தார்கள். ஷிஷெஃப்ஸ்கியின் கடைசிக் காலத்தில் நல்ல பையன் ஒரு வருடம் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் பறந்துவிடுவான். அவர் ஒவ்வொரு வருடமும் புதுக் குடும்பம் நடத்தினார்.

வுடனுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் வருட மாணவர்கள் பெரிய அணியில் ஆடக் கூடாது என்று அப்போது விதி. 1965இல் லூ ஆல்சிண்டர், அதாவது பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார், முதல் வருடப் பையனாகச் சேர்ந்தார். முதல் வருட அணி, நடப்புச் சாம்பியனான தன் கல்லூரியின் பெரிய அணியையே 75க்கு 60 என்று அடித்தது. அப்படிப்பட்ட பையனை ஒரு வருடம் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். பிறகு டங்க் அடிப்பதையே, அதாவது எழும்பிப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிப்பதையே, 1967இல் தடை செய்தார்கள். ஒரு பையன் ரொம்ப உயரம் என்பதற்காக விதியை மாற்றும் ஊர் அது. இங்கே குறைந்தபட்சம் ரிங்கையாவது விட்டுவைப்பார்கள்.

வுடனிடம் எனக்குப் பிடித்த விஷயம் கோப்பை இல்லை, சாக்ஸ். ஆண்டின் முதல் பயிற்சியில் பந்தைத் தொடவிட மாட்டார். சாக்ஸை எப்படிப் போடுவது, சுருக்கம் இல்லாமல் குதிகாலில் எப்படி இழுத்துவிடுவது, ஷூ கயிற்றை எப்படி முடிவது என்று காட்டிக் கொடுப்பார். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சு. இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1991இல் மாரண்டஅள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, யாரிடமோ கடன் வாங்கிய ஷூவில் துணியை அடைத்துக்கொண்டு தர்மபுரியில் ஆட வந்தாள். இடைவேளையில் ஷூவைக் கழற்றினாள். இரண்டு குதிகாலும் உரிந்து, துணி ரத்தத்தில் ஒட்டியிருந்தது. இரண்டாம் பாதியை வெறுங்காலோடு ஆடினாள், பகல் பன்னிரண்டு மணி சிமென்ட் தரையில். அதைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அன்று காலை நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் லே-அப், ஓடி வந்து ரிங்குக்குக் கிட்டே பந்து போடுவது.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பெண் வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கிறாள். 2022இல் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனேன். அங்கே அக்கம்பக்கம் முழுக்க இரண்டு கட்சி. வெளிர்நீலம் என்றால் வட கரோலினா பல்கலைக்கழகம், அடர்நீலம் என்றால் டியூக். நடுவில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், அதற்குள் அவ்வளவு பகை. அந்த வருடத்தோடு ஓய்வு என்று ஷிஷெஃப்ஸ்கி அறிவித்திருந்தார். 42 வருடம் டியூக்கில். சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தை வட கரோலினாவிடம் தோற்றார். பிறகு ஏப்ரல் 2, தேசியப் போட்டியின் அரையிறுதியில் மறுபடி அதே வட கரோலினா. அந்தப் போட்டியில் இரண்டு அணியும் நேருக்கு நேர் மோதியது அதுவே முதல் முறை. 81க்கு 77, டியூக் தோல்வி, மனிதர் வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டில் ஒருவர் வாசற்படியில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையிடம் கேட்டேன், அவர் எந்தப் பக்கம் என்று. “அத்தை, நாங்க என்.சி. ஸ்டேட்ல படிச்சவங்க, எங்களுக்கு ரெண்டு பேருமே ஆகாது” என்றார்.

அந்த ஷிஷெஃப்ஸ்கி டியூக்குக்கு வந்த மூன்றாம் வருடம் 11 வெற்றி, 17 தோல்வி. அதற்கு முந்தைய வருடமும் 10க்கு 17. வுடனுக்கு முதல் கோப்பை கிடைத்தது பதினாறாவது வருடம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டீன் ஸ்மித்துக்கு இருபத்தோராவது வருடம். 1965இல் ஓர் ஆட்டம் தோற்றுவிட்டு அணியோடு பஸ்ஸில் திரும்பினால், கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். பில்லி கன்னிங்ஹாம் என்ற ஆட்டக்காரர் இறங்கிப் போய் அதைப் பிய்த்துப் போட்டார். மறுவருடம் சார்லி ஸ்காட் என்ற கறுப்பின மாணவரை உதவித்தொகையோடு அணியில் சேர்த்தார் ஸ்மித், அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டில் அதுவே முதல் முறை. 2015இல் ஸ்மித் இறந்த பிறகு, அவரிடம் ஆடியவர்களுக்கெல்லாம் தபாலில் 200 டாலர் காசோலை வந்தது, உங்கள் கோச் செலவில் ஒருவேளை நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று. உயிலில் எழுதி வைத்திருந்தார். அவருக்கு உங்கள் வரிசையில் கடைசி இடம்.

பாப் நைட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 1976இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் கோப்பை வாங்கினார், உண்மை. 1985இல் நடுவர் மேல் கோபத்தில் நாற்காலியை கோர்ட்டுக்குள் எறிந்ததும் உண்மை. நான் எறிந்திருந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் யார் கணக்குக் காட்டுவது?

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் தலைப்பு ‘கல்லூரிக் கூடைப்பந்து’ என்றுதான் இருக்கிறது, ‘ஆண்கள்’ என்று இல்லை. கோப்பைதான் கணக்கு என்றால் முதலிடம் வுடனுக்கே கிடையாது. கனெக்டிகட் பெண்கள் அணியின் ஜீனோ ஆரியெம்மா 2025இல் பன்னிரண்டாவது கோப்பையை வாங்கிவிட்டார். தொடர் வெற்றியிலும் அந்தப் பெண்கள் 111 ஆட்டம் வரை போனவர்கள். டென்னசியின் பேட் சம்மிட் 8 கோப்பை, 1,098 வெற்றி. அரைப்பக்கத்தில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. என் சிவப்புப் பேனா அங்கேதான் முதலில் சுழித்தது.

சம்மிட் 1974இல் பயிற்சியாளரானபோது வயது 22. மாதம் 250 டாலர் சம்பளம். பிள்ளைகளின் சீருடையை அவரே துவைத்தார், வேனை அவரே ஓட்டினார். இதைப் படித்தபோது எங்கள் டீச்சர்கள் பாதிப் பேர் நினைவுக்கு வந்தார்கள், வேன்தான் கிடையாது. நாங்கள் டவுன் பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கினோம். 38 வருடத்தில் சம்மிட்டிடம் முழுக்காலமும் ஆடிய பெண்கள் அத்தனை பேரும் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினார்கள். ஒருத்தர் விடாமல். அந்த எட்டுக் கோப்பையையும் விட்டுக்கொடுத்து இதை வாங்கிக்கொள்வேன் நான்.

ஏனென்றால் 1998இல் என்னிடம் ஓர் இடதுகைப் பெண் இருந்தாள். பத்தாம் வகுப்பு. ரிபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எழும்பினால் மற்றவர்கள் தலைக்கு மேல் அவள் முழங்கை தெரியும். பரீட்சை முடிந்ததும் கல்யாணம் பேசிவிட்டார்கள். வீட்டுக்குப் போனேன். அம்மா மோர் கொடுத்தார். அப்பா மரியாதையானவர், குரலே உயர்த்தவில்லை. “பந்து சோறு போடுமா டீச்சர்?” என்று கேட்டார். விளையாட்டு ஒதுக்கீடு, போலீஸ் வேலை என்று ஏதோ சொன்னேன். மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜான் மெக்லெண்டன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவரிடமே நேரில் பாடம் கேட்டவர். கறுப்பர் என்பதால் அந்தக் கல்லூரி அணியில் ஆட இடமில்லை. பிறகு வட கரோலினாவில், டர்ஹம் ஊரில் கறுப்பின மாணவர்களின் கல்லூரிக்குப் பயிற்சியாளரானார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே சர்ச்சில் இருக்கும் நேரம். டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளை மாணவர்கள் ரகசியமாக வந்தார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். சேர்ந்து ஆடினாலே அன்றைக்குக் குற்றம். 88க்கு 44, மெக்லெண்டன் பிள்ளைகள் இரண்டு மடங்கு. அதோடு போகவில்லை. இரண்டு அணியையும் கலந்து மறுபடி ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் இது வெளியே தெரியாது. இதற்குக் கோப்பை கிடையாது, ஆகவே உங்கள் வரிசையில் இடமும் கிடையாது. பின்னாளில் டென்னசியில் அவர் கறுப்பின மாணவர்களை வைத்து 1957, 58, 59 என்று மூன்று வருடம் சேர்ந்தாற்போல் வாங்கிய தேசியப் பட்டங்கள் வேறு போட்டியில், அதையும் யாரும் எண்ணுவதில்லை.

வுடனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, கட்டுரையாளருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார். யு.சி.எல்.ஏ.வுக்கு வருமுன் இந்தியானாவில் ஒரு சின்னக் கல்லூரியில் இருந்தார். 1947இல் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அணியில் இருந்த கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் ஆடக் கூடாது என்றார்கள். அப்படியானால் அணியே வராது என்று அழைப்பைத் திருப்பிவிட்டார். மறுவருடம் விதி மாறியது, வாக்கர் ஆடினார். இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள்.

அப்புறம், நெய்ஸ்மித்தே கான்சாஸில் பயிற்சியாளராக 55 வெற்றி, 60 தோல்வி. அந்தக் கல்லூரியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ள ஒரே பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான்! ஆனால் அவரிடமிருந்து ஃபாக் ஆலன், ஆலனிடமிருந்து ரப், டீன் ஸ்மித். நெய்ஸ்மித் 1891இல் ஆட்டத்தைத் தொடங்கிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பிற்காலத்தில் படித்த ஹாரி பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே, நந்தனத்தில் படித்தவர் எங்கள் ஸ்கூல் பி.டி. சார். அவரிடம் நான். தகடூர்க்காரி என்றால் உடனே அதியமான், நெல்லிக்கனி என்று ஆரம்பிப்பாள் என்று நினைத்திருப்பீர்கள், இந்தப் பரம்பரையே எனக்குப் போதும்.

எங்கள் பள்ளிக்கு ரிங் செய்த வெல்டிங் பட்டறை அண்ணன், “பத்தடி எதுக்கு டீச்சர், பிள்ளைங்க குட்டையா இருக்காங்க, ஒன்பது வெச்சிடலாமா?” என்று கேட்டார். நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை ஆணி அடித்த மாடிக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது, அதனால்தான் என்றேன். “அப்ப அந்தாளு பில்டிங் எட்டடியா இருந்திருந்தா நம்ம பிள்ளைங்க ஜெயிச்சிருக்கும்” என்றார். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இடதுகைப் பெண் இப்போது பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை இறக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் பார்த்தபோது விலையைப் பற்றிப் பேசவில்லை. “மிஸ், அந்த ரிங் இன்னும் இருக்கா?” என்றாள். இருக்கிறது, நெட்தான் இல்லை என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.

பி.கு.: உங்கள் கட்டுரையில் ஷிஷெஃப்ஸ்கியின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக வந்திருக்கிறது. டியூக் பிள்ளைகளே சிரமப்பட்டு, ‘கோச் கே’ என்று சுருக்கிக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே போட்டுவிடலாம்.