ஞாயிற்றுக்கிழமை கார்மோவுக்குக் கூட்டிப் போகாதீர்கள்

பாத்திமா, லூர்து யாத்திரை நடத்தும் டிராவல்ஸ் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வருஷம் உங்களில் ஒருவருடைய குழுவில் நானும் பெரியம்மாவும் வந்தோம். உங்கள் நோட்டீஸில் ‘லிஸ்பன் கார்மேல் மாதா கோயில், மடம்’ என்று போட்டிருந்தது. பெரியம்மா பணம் கட்டியதே அந்த ஒரு வரிக்காகத்தான். சின்ன வயதிலிருந்து கழுத்தில் உத்தரியம் (கார்மேல் மாதா பக்தர்கள் போடும் துணிப்பட்டை) போட்டிருப்பவர்.

நாங்கள் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. கார்மோ என்று அங்கே சொல்லும் அந்தக் கோயில் ஞாயிறு திறப்பதில்லை. இது ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. “இடிஞ்ச கோயில்தானே, வெளிய நின்னே பாத்துக்கலாம்” என்றார் உங்கள் ஆள். முட்டிவலியோடு மேடேறி வந்த பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. உத்தரியத்தைக் கழற்றி, பூட்டிய கதவில் ஒற்றி, திரும்ப மாட்டிக்கொண்டார்.

இடிந்த கோயில்தான் ஐயா. ஆனால் யார் கட்டியது? 1385-இல் அல்ஜுபரோட்டா போரில் அண்டை நாடான காஸ்டீலின் படையை முறியடித்த போர்த்துகல் தளபதி நூனோ ஆல்வரஸ் பெரைரா, 1389-இல் தொடங்கிய கோயிலும் மடமும். 1423-இல் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு அதே மடத்தில் சாதாரண சகோதரராகச் சேர்ந்து, அங்கேயே இறந்தார். 2009-இல் புனிதர் பட்டம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் வந்த நிலநடுக்கத்தில் கூரை விழுந்தது, மிச்சத்தைத் தீ தின்றது. அடுத்த வருஷமே திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். 1834-இல் அரசாங்கம் துறவற சபைகளைக் கலைத்ததும் வேலை பாதியில் நின்றது. கூரை ஏறவே இல்லை.

மறுநாள் விமானத்துக்கு முன்னால் நான் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டாம் தடவை அந்த மேடேற பெரியம்மாவுக்குக் கால் வரவில்லை. வாசலிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் தூண்கள், மேலே விலா எலும்பு மாதிரிக் கூர்வளைவுகள், அதற்கும் மேலே வெறும் வானம். பீடம் இருந்த பக்கம் மட்டும் கூரையோடு தப்பியிருக்கிறது, இப்போது மியூசியம். (ஓர் அறையில் பெரு நாட்டு மம்மிகள் வேறு! பெரியம்மா மிரண்டிருப்பார்.)

பாத்திமா போகும் வழியெல்லாம், அங்கே மாதாவின் காட்சி கண்ட சிறுமி லூசியாவைப் பற்றி மைக்கில் பேசினீர்கள். 1917 அக்டோபர் 13 கடைசிக் காட்சியில் அவர் கார்மேல் மாதாவையும் பார்த்ததாகச் சொன்னதையும், பின்னாளில் கார்மேல் மடத்திலேயே சேர்ந்ததையும் விட்டுவிட்டீர்கள். கார்க் பை விற்கும் கடைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. அந்தக் கடைக்கு ஞாயிறு லீவு இல்லை போலிருக்கிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான்: கார்மோவைத் திங்கள் முதல் சனிக்குள் வையுங்கள். உள்ளே போக ஒரு மணி நேரம் கொடுங்கள். முட்டிவலிக்காரர்களை மேலே சதுக்கம்வரை வண்டியில் கொண்டுபோய் விடுங்கள். முடியாதென்றால், தயவுசெய்து நோட்டீஸிலிருந்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடைசி சீட்டில் வந்தவன்