உன் வயிற்றுத் தழும்பு பற்றி

அன்புள்ள பாப்பா,

புது டாக்டர் உன் வயிற்றுத் தழும்பைப் பார்த்து, என்ன ஆபரேஷன் என்று கேட்டாராமே. "குடலில் ஏதோ அடைப்பு என்று அப்பா சொல்வார்" என்றாயாம். சின்ன வயதில் உனக்குச் சொல்ல எனக்கு அகப்பட்ட வார்த்தை அது. உண்மையில் அது அடைப்பு இல்லையம்மா, பூஞ்சை.

நீ 28 வாரத்தில் பிறந்தாய். எடை 980 கிராம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தாய். குழாய் வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று அம்மாவின் பால் இறங்கியது. ஒன்பதாம் நாள் காலையில் வயிறு உப்பி, தோல் நீலம் பாரித்துக் கிடந்தது. அதே குழாயில் பச்சையாகப் பித்தம் திரும்பி வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற குடல் அழுகல் நோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள், கேட்கவில்லை. அந்த நோயில் குடல் சுவருக்குள் காற்றுக் குமிழிகள் தெரிவதுண்டு. உன் எக்ஸ்ரேயில் அவை இல்லை. ஆனால் குடல் ஓட்டையாகி, வயிற்றுக்குள் காற்று கசிந்திருந்தது. அன்றிரவே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

வெட்டி எடுத்த துண்டைப் பார்த்த சர்ஜன், "இது வேறு மாதிரி இருக்கிறது" என்று அதை அவசரமாகப் பயாப்ஸிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற சதைப் பரிசோதனைக்கு, அனுப்பினார். நீ இன்று இருப்பது அதனால்தான் என்று நம்புகிறேன். மறுநாள் பதில் வந்தது. ரத்தக் குழாய்களுக்குள் அகலமான, நாடா போன்ற பூஞ்சை இழைகள். மியூக்கர்.

கொரோனா நாட்களில் கறுப்புப் பூஞ்சை என்று பேசினார்களே, அதே வகைதான். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். கறுப்பு என்பது அந்தப் பூஞ்சையின் நிறம் இல்லை. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுகிறது, ரத்தம் கிடைக்காத சதை செத்துக் கறுக்கிறது. மண்ணிலும் காற்றிலும் எங்கும் உள்ள வித்துகள்தான். நமக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி இன்னும் வளராத, வயிற்றில் அமிலமும் போதாத குறைமாதக் குழந்தைக்கு அதுவே எமன். குடலில் வந்தால் பிழைக்கிறவர்கள் குறைவு.

பயாப்ஸி இல்லாமல் வெறும் பூஞ்சை என்று ஊகித்து ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைக் கொடுத்திருந்தால்? அது கேண்டிடா என்ற வேறு பூஞ்சைக்குக் கேட்கும், மியூக்கரிடம் செல்லாது. உனக்குத் தேவைப்பட்டது ஆம்போடெரிசின். மஞ்சள் நிற மருந்து. சலைனில் கலந்தால் திரிந்துவிடும், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும் என்று நர்ஸ் ஒருவர் எனக்குச் சொன்னார். ஒவ்வொரு நாளும் துளித்துளியாக மணிக்கணக்கில் ஏறும். சிறுநீரகம் தாங்குகிறதா, பொட்டாசியம் இறங்குகிறதா என்று பார்க்க உன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்தக் குதிகால்களை நான் மறக்கவே இல்லை.

எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் கையிலிருந்தா என்று பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் படித்தேன். குறைமாதக் குழந்தைகளின் கை அசையாமலிருக்க வைத்துக் கட்டிய மரக்குச்சிகளிலிருந்தே இந்தப் பூஞ்சை தோலில் தொற்றியதை 1996இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2014இல் அமெரிக்காவில் 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தை, நல்லதென்று கொடுத்த புரோபயாடிக் (குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா) பொடியிலிருந்த பூஞ்சையால் இறந்தது. பிரிக்காத டப்பாக்களிலும் அது இருந்ததாம். நல்ல எண்ணத்தோடு செய்ததிலும் அது வந்து உட்காரும் என்று தெரிந்த பிறகுதான் என் மனம் கொஞ்சம் அடங்கியது.

சரி, டாக்டருக்கு வேண்டியது இது. உன் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 14 சென்டிமீட்டர் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் குடலை வெளியே திறந்து வைத்திருந்து, பிறகு சேர்த்துத் தைத்தார்கள். உடம்பு பி12 சத்தை எடுத்துக்கொள்வது அந்தக் கடைசிப் பகுதியில்தான். அதனால் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல். அடிக்கடி அசதியாக இருக்கிறது என்றாயே, அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. பயாப்ஸி அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் எழுத்து மங்கிவிட்டது, மெதுவாகப் பிரி.

அப்பா