இன்சூரன்ஸைச் சரிபார்த்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கு

அன்பு மகளுக்கு,

சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கப்போகிறேன் என்று நீயே முடிவெடுத்தது எனக்குப் பெரிய நிம்மதி. தள்ளிப் போடாதே. அமெரிக்காவில் ஆளைத் தேடுவதைவிட இன்சூரன்ஸைச் சரிபார்ப்பதுதான் பெரிய வேலை.

கார்டைத் திருப்பிப் பார். மனநலத்துக்கென்று தனி நம்பர் இருந்தால் அதைத்தான் கூப்பிட வேண்டும். சில பிளான்களில் அந்தப் பகுதியை வேறொரு கம்பெனி நடத்தும். அவர்களுடைய இணையதளப் பட்டியலை மட்டும் நம்பாதே. ஊர் மாறிப்போனவர்கள், புதிதாக யாரையும் எடுக்காதவர்கள் பெயரெல்லாம் அதில் அப்படியே கிடக்கும். ஐந்தாறு பேரைக் குறித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போடு.

"என் இன்சூரன்ஸ் எடுப்பீர்களா" என்று பொதுவாகக் கேட்காதே. இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்துகொண்டு பில்லை மட்டும் அனுப்பிவைப்பவர்களும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கார்டில் உள்ள பிளான் பெயரை முழுதாகப் படித்துக்காட்டி, இதற்கு இன்-நெட்வொர்க்கா என்று கேள். ஒரே கம்பெனிக்குள் பல நெட்வொர்க் உண்டு. அவருடைய 10 இலக்க என்பிஐ எண்ணை (மருத்துவச் சேவை தருபவர்களுக்கான அடையாள எண்) வாங்கி, இன்சூரன்ஸ் பக்கமும் கேட்டு உறுதிசெய்.

அதே போனில் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நீயே கட்ட வேண்டிய தொகை) இன்னும் எவ்வளவு பாக்கி, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நிலையான தொகையா (கோபே), பில்லில் சதவீதமா, முன் அனுமதி வேண்டுமா, வீடியோ சந்திப்புக்கும் இதே கணக்கா என்று கேட்டுவிடு. முதல் சந்திப்பின் பில்லிங் கோட் 90791. அடுத்தடுத்தவை 90834 அல்லது 90837. 53 நிமிடத்தைத் தொட்டால் 90837, தொகையும் பொதுவாகக் கூடும். டிடக்டிபிள் தீரும்வரை அந்த வித்தியாசம் உன் கைக்காசு. பேசியவர் பெயர், தேதி, ரெஃபரன்ஸ் நம்பர் மூன்றையும் எழுதிவை. பின்னால் கிளெய்மை மறுத்தால் அப்பீலுக்கு அது உதவும்.

லைசென்ஸை மாநில போர்டு இணையதளத்தில் பார்த்துக்கொள். வீடியோவில் பேசினாலும், நீ உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் அவருக்கு அனுமதி இருக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் யாருமே கிடைக்கவில்லையா? "கேப் எக்ஸெப்ஷன்" கேள். வெளியாளை நெட்வொர்க் கட்டணத்திலேயே பார்க்கத் தரும் அனுமதி அது. முதல் சந்திப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். பிபிஓ (வெளியாளுக்கும் ஓரளவு கொடுக்கும்) பிளான் என்றால் வெளியாளிடம் சூப்பர்பில் என்ற விவரமான ரசீதை வாங்கி அனுப்பி ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. நெட்வொர்க்குக்குள் மட்டும் பார்க்கவிடும் ஹெச்எம்ஓ பிளானில் அது பெரும்பாலும் நடக்காது.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரங்கள் ஆகலாம். அதற்குள் மனம் தாங்காமல் போனால் 988 என்ற மனநெருக்கடி உதவி எண்ணைக் கூப்பிடு, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எனக்கும் போன் செய், இங்கே மணி என்ன என்று பார்க்காதே.

அன்புடன்,
அப்பா