தெற்கு சூடானின் ரும்பெக்கில் இருக்கும் மகளுக்கு

மே, 2012

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம்.

சென்ற மாதம் முழுவதும் உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. மழைதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மழை தொடங்கிவிட்டால் அங்கே சாலைகள் சேறாகி, தலைநகர் ஜூபாவிலிருந்து சரக்கு வண்டி வருவதே அரிதாகிவிடும் என்று நீ எழுதியிருந்ததை அவளுக்குத் திரும்பவும் படித்துக் காட்டினேன். ஏப்ரலில் எல்லையோர ஹெக்லிக் எண்ணெய் வயலில் சூடானோடு நடந்த சண்டையையும் பெந்தியூவில் விழுந்த குண்டுகளையும் பற்றிச் செய்தித்தாள் எழுதியபோது, ரும்பெக் எல்லையிலிருந்து வெகு தெற்கே இருப்பதை வரைபடத்தில் காட்டினேன். அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. "கொசுவலை கட்டிக்கொண்டுதானே தூங்குகிறாள்?" என்று மட்டும் கேட்டாள்.

உன் கடைசிக் கடிதத்தில் மாணவர்களைப் பற்றி நான்கு பக்கங்கள் இருந்தன. உன்னைப் பற்றி இருந்ததோ, "இடையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை" என்ற ஒரே வாக்கியம். பள்ளிக்கூடக் காலத்தில் விடுப்பு எடுக்கச் சொன்னாலும் எடுக்காதவள் நீ.

அங்குள்ள மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை என்பதை மறந்துவிடாதே. இரண்டு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாத காய்ச்சல் அது. உடம்பு சுட்டால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துகொள். மலேரியா வராமல் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை ஒரு நாளும் விடாமல், வெறும் வயிற்றில் அல்லாமல், நிறையத் தண்ணீரோடு சாப்பிடு. அதைச் சாப்பிடுபவர்களின் தோலை வெயில் எளிதில் சுட்டுவிடும் என்பதால், மரத்தடியில் பாடம் நடத்தும்போது நிழல் நகர நகர நீயும் நகர்ந்து நில்.

உன் வகுப்பைப் பற்றி எழுதியவற்றைப் படித்தபோது, முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எனக்கே வாய்க்காத வேலை உனக்கு வாய்த்திருக்கிறது என்று தோன்றியது. 2011 ஜனவரியில் வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் சூடானிலிருந்து பிரிந்து தனிநாடு வேண்டும் என்று சொல்லி, ஜூலை 9 அன்று கொடியேற்றிய நாட்டில், அந்த முதல் ஆண்டு முடிவதற்குள் நீ பாடம் நடத்துகிறாய். அரபியில் படித்து வளர்ந்த ஆசிரியர்களே இன்று ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்றும், மாலையில் அவர்களுக்கும் நீ சொல்லிக்கொடுக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். அவர்களுடைய பிழைகளை மாணவர்கள் முன்னால் ஒருபோதும் திருத்தாதே. துப்பாக்கியை வைத்துவிட்டுச் சிறுவர்களோடு நான்காம் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்களை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்காதே. போர் தின்ற ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் மீண்டும் பலகை எடுத்துக்கொண்டு வருவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாத இடத்தில் டிங்கா மொழி தெரிந்த ஆசிரியரை உதவிக்கு அழைத்துக்கொள். அதில் உனக்கு எந்தக் குறைவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனவரியில் அந்த அரசு எண்ணெய் எடுப்பதையே நிறுத்திவிட்டது. அதன் வருவாயில் ஏறத்தாழ 98 விழுக்காடு எண்ணெயிலிருந்துதான் வந்தது என்கிறார்கள். உனக்கு வரும் படி சிறியதே ஆனாலும் வெளியிலிருந்து தவறாமல் வரும். உன்னோடு வேலை செய்பவர்களின் சம்பளத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் சாப்பிடும்போது சாப்பிடு, அவர்கள் பகிர்வதை மறுக்காதே, உன்னிடம் இருப்பதைக் கேட்காமலே கொடு. கொசுவலையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. நீ கொடுக்கக் கூடியவள் என்பதால்தான் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கப்போவதாகத் தம்பிக்கு எழுதியிருக்கிறாய். எங்களுக்கு எழுதவில்லை. தடுத்துவிடுவோம் என்று நினைத்தாயா? உன்னை அனுப்ப வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னபோது உன் பக்கம் நின்றவள் அம்மா. அவளுக்காவது முதலில் சொல்லியிருக்கலாம். உன் பெரியப்பா நைஜீரியாவிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாம் "நலம்" என்றுதான் முடிந்தன. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் அப்படியே நம்புவதில்லை.

இன்னும் ஓராண்டு இருக்க விரும்பினால் இரு. தொடங்கிய வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் காய்ச்சல் எவ்வளவு இருந்தது, பரிசோதனையில் என்ன சொன்னார்கள், மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடித்தாயா என்பதை எனக்குத் தனியாக எழுது. அம்மாவிடம் எதைச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா