பி27 சோதனையும் நின்றுபோன நிச்சயதார்த்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் மூட்டுவலி பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். முழங்கால் தேய்மானம், எடை குறைப்பது, தரையில் உட்காரலாமா கூடாதா என்றெல்லாம் வந்துவிட்டது. எங்கள் வேலூரில் இப்போது சர்வசாதாரணமாக எடுக்கப்படும் ஒரு மரபணுச் சோதனையை, முதுகெலும்பு வாதத்தோடு தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 (சுருக்கமாக பி27) என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். நான் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரிப்பதும், அதில் வேண்டிய பகுதியைப் பல கோடி நகலாகப் பெருக்கும் பிசிஆர் போடுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஈரத்தோல் கட்டு தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டரைப் பார்க்கும் முன்பே, யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேபில் முதுகுவலிக்கென்று மொத்தமாக எடுக்கும் சோதனைகளை எடுத்தான். அதில் எச்எல்ஏ-பி27 இருப்பதாக வந்தது. ஒரே ஒரு வரி. என்ன முறையில் பார்த்தார்கள், அதற்கு என்ன பொருள் என்று எதுவும் இல்லை. அவன் அம்மா நேர்மையானவர், பெண் வீட்டாரிடம் மறைக்காமல் காட்டினார். அவர்கள் செல்போனில் தேடினார்கள். முதுகெலும்பு ஒட்டிக்கொண்டு மூங்கில் கழி மாதிரி ஆகிவிடும் என்று படித்தார்கள். நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது. பிறகு மூட்டு வாத டாக்டர் அவனைச் சோதித்துவிட்டு, இது வெறும் தசைப் பிடிப்பு, வாதமே இல்லை என்று சொன்னார். அதற்குள் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்தாகிவிட்டது.

இந்தக் கொடுமை எதனால் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டைத் தாக்கும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வாதத்துக்கும் பி27க்கும் தொடர்பு உண்டு என்று 1973ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரில் இந்த நோய் உள்ள நூறு பேரை எடுத்தால் தொண்ணூறு பேரிடம் பி27 இருக்கும். உண்மைதான். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பி27 உள்ள நூறு பேரில் ஐந்து பேர் வாக்கில்தான் இந்த நோய் வருகிறது. மற்றவர்கள் அந்த மரபணுவோடு பிறந்து, பிள்ளை பெற்று, நல்லபடியாக வாழ்ந்து முடிக்கிறார்கள். போதாததற்கு, பி27லேயே பல உள்வகைகள் உண்டு. தாய்லாந்து, இந்தோனேசியா பக்கம் காணப்படும் 27:06 வகைக்கும் சார்டினியா தீவில் உள்ள 27:09 வகைக்கும் இந்த நோயோடு தொடர்பு தெரியவில்லை. வழக்கமான சோதனை இந்த வகைகளைப் பிரித்துச் சொல்லாது.

சோதனை நடக்கும் விதத்தையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துவோம். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, எனவே வெள்ளையணுவில்தான் டிஎன்ஏ எடுக்க முடியும். சிவப்பணுக்களை உடைத்து ஓட்டி, வெள்ளையணுக்களைக் கரைத்து, புரதத்தை உப்புப் போட்டு ஒதுக்கிவிட்டு, குளிர்ந்த ஆல்கஹாலை ஓரமாக ஊற்றினால், இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை வெளேரென்று நூலாகத் திரண்டு வரும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவே இல்லை.

அதன் பிறகு பிசிஆர். 95 டிகிரி சூட்டில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும். சூட்டைக் குறைத்ததும் பி27க்கென்றே செய்த ப்ரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டு போய் ஒட்டும். 72 டிகிரியில் டாக் என்சைம் புது இழை கட்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவின் என்சைம் அது, அதனால் அந்தச் சூட்டையும் தாங்கும். பிசிஆர் என்ற யோசனை அமெரிக்க விஞ்ஞானி கேரி முல்லிஸுக்கு 1983ல் உதித்தது. அதற்காக 1993ல் நோபல் கொடுத்தார்கள். முப்பது சுற்று ஓடினால் ஒன்று நூறு கோடிக்கு மேல் பெருகும். அவ்வளவு பெருகுவதால்தான் ஆபத்தும். முந்தின நாள் குழாயிலிருந்து துளியூண்டு பறந்து வந்து கலந்தாலும் இல்லாதது இருப்பதாகக் காட்டும். எனவே ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ சேர்க்காமல், வெறும் தண்ணீர் விட்ட ஒரு குழாயும் கூடவே ஓட வேண்டும். பெருகிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓடவிட்டால் கோடாகத் தெரியும்; அந்தத் தண்ணீர்க் குழாயின் வரிசை காலியாக இருக்க வேண்டும். இன்னொன்று, எல்லா மனிதரிடமும் இருக்கும் வேறொரு மரபணுவின் கோடு ஒவ்வொரு வரிசையிலும் தெரிய வேண்டும். அந்தக் கோடே விழாத வரிசையில் பி27 இல்லை என்று எழுதினால் அது பொய். சோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சில இடங்களில் டிஎன்ஏவையே தொடுவதில்லை. வெள்ளையணுவின் மேல் அந்த மரபணு உண்டாக்கும் பி27 புரதம் இருக்கிறதா என்று, அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டுப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் பார்க்கிறார்கள். அதுவும் நல்ல முறைதான். ஆனால் பி7 என்ற நெருங்கிய புரதம் உள்ளவருக்குக் குழப்பிக் காட்டக்கூடும், அப்போது பிசிஆரில் உறுதி செய்ய வேண்டும். எந்த முறை என்றே ரிப்போர்ட்டில் போடாவிட்டால் டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்?

சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர் இது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்தியத்துக்காகக் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இங்குள்ள ஒவ்வொரு சிறிய லேபும் பொறுப்பு.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. குடியாத்தத்தில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் பீடி சுற்றுபவர். காலையில் விரல் மடங்காது. இலை நறுக்கிவிடுவார், தூள் வைத்துச் சுருட்டிவிடுவார், நுனி மடிக்க முடியாமல் மகளிடம் தள்ளுவார். முடக்குவாதத்துக்கென்று ரத்தத்தில் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததால், வாயுதான் என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கியே காலத்தை ஓட்டினார். முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. கணு வீங்கி, விரல் கோணிய பிறகுதான் சரியான இடத்துக்கு வந்தார். இந்த நோயில் சிகிச்சைக்கு முதல் ஓரிரு வருஷம்தான் பொன்னான காலம்.

அவர் மகள் என்னிடம், “எனக்கும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடலாமாக்கா?” என்று கேட்டாள். வேண்டாம்மா என்றேன். ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2014ல் வெளிவந்த கட்டுரையில், முடக்குவாதத்தோடு தொடர்புள்ள இடங்கள் மரபணுத் தொகுதியில் 101 என்று காட்டினார்கள். ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஒரே டிஎன்ஏ கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து வாக்கில்தான். அவளுக்கு என்ன சோதனை எடுத்து என்ன சொல்ல?

சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை இதுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் பி27 எடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் முறையும், இது நோய் இருப்பதற்குச் சான்று ஆகாது என்ற விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கொடுத்தனுப்பலாம், ஊசிகூடத் தேவையில்லை.

கடிதம் நீண்டுவிட்டது. முழுதும் போட இடமில்லையென்றால் அந்தக் கேள்விகளையாவது போடுங்கள். காலையில் எழுந்ததும் விரலோ முதுகோ விறைத்துக்கொண்டு, இளக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா? நடமாடினால் வலி குறைந்து, படுத்துக் கிடந்தால் கூடுகிறதா? ஆமாம் என்பவர்கள் லேபுக்குப் போகும் முன் மூட்டு வாத டாக்டரிடம் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.