பிரிக்கிற வேலைக்கும் கூலி வேண்டும்

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. தூசி உடம்புக்கு ஆகாது, பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைப் பிரித்து மிதியடி தைக்கிற வேலையை விட்டுவிடு, நான் பணம் அனுப்புகிறேன் என்று போனில் சொன்னாய். விட மனசில்லை என்றால் மஞ்சப்பை தைத்து ஆன்லைனில் விற்கலாம் என்றாய். போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பை. 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து துணிப்பையைக் கேட்டு வாங்குகிறார்கள், அது உண்மைதான். ஆனால் திருப்பூரிலிருந்து நமக்கு வருவது பனியன் துணி. அதில் பை தைத்து நாலு தேங்காய் போட்டால் முழங்கால் வரை இழுத்துக்கொண்டு தொங்கும். பைக்குச் சோமனூர்ப் பக்கத்தில் தறியில் நெய்கிற, வெளுக்காத கெட்டியான காடாத் துணிதான் தாங்கும். அதைக் காசு போட்டு வாங்கினால் நமக்கு என்ன மிஞ்சும்?

பனியன் துணிக்கு வேறு குணம். பட்டையாக வெட்டி இழுத்துவிட்டால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். மடித்து அடிக்கத் தேவையில்லை. அதைப் பின்னி, சுற்றித் தைத்தால் மிதியடி. தறி இருக்கிற வீட்டில் பருத்தி நூலை நீளவாக்கில் பாவாக ஓட்டி, இந்தப் பட்டையைக் குறுக்கே ஊடையாகக் கொடுத்து நெய்துவிடுகிறார்கள். வெள்ளைப் பருத்தித் துண்டு ஒர்க்‌ஷாப்புக்கு எண்ணெய் துடைக்கப் போகும். பொடித் துண்டெல்லாம் ஓ.இ. மில்லுக்கு, அதாவது ஓப்பன் எண்ட் நூல் மில்லுக்கு. அங்கே கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குகிறார்கள். நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த நூலுக்குப் புதிதாகச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. நொய்யல் ஆற்று ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி விவசாயக் காடெல்லாம் கெட்டதையும், 2011-ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவள் நான். சாயம் மிச்சமாகிற ஒவ்வொரு கிலோவும் எனக்குப் பெரிதுதான்.

ஆக, வேஸ்ட்டுக்கு விலை வருவது பிரிப்பதில்தான். மூட்டையில் எல்லாம் கலந்து கிடக்கும். லைக்ரா என்கிற ரப்பர் மாதிரி நூல் கலந்தது இழுத்தால் தெரிந்துவிடும். பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் நுனியைக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டியாக நிற்கும். இவ்வளவும் தெரிந்த கைகளுக்கு மிதியடிக்கு மட்டும்தான் பீஸ் ரேட். உட்கார்ந்து பிரிக்கிற நேரத்துக்கு ஒரு பைசா கிடையாது. மூட்டை கொண்டுவந்து போடுகிற வியாபாரி அதை வேலை என்றே எடுத்துக்கொள்வதில்லை. இது அநியாயம் கண்ணு.

உன் புண்ணியத்தில் எனக்குப் பணக்கஷ்டம் இல்லை. என்னோடு உட்காருகிறவர்களுக்கு அப்படியா? கம்பெனி வண்டி ஊருக்குள்ளேயே வருகிறது. ஆனாலும் படுக்கையில் இருக்கிற மாமியாரையும் கறவை மாட்டையும் விட்டுவிட்டு அதில் ஏற முடியாதவர்கள் அவர்கள். சனிக்கிழமை வருகிற காசு ஒன்றுதான் அவர்கள் யாரையும் கேட்காமல் செலவு செய்கிற காசு. நான் ஒதுங்கிவிட்டால் வியாபாரியிடம் ரேட் பேச ஆள் இல்லை.

தூசிக்கு நீ பயப்படுவது நியாயம். வாசலில் காற்றோட்டமாக உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் இப்போது பிரிக்கிறோம். குழந்தை படுக்கிற இடத்தில் யாரும் மூட்டையை அவிழ்க்கக் கூடாது என்று குழுவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நீ எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடு சாமி. ஒரு மிதியடிக்குத் துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, கரண்ட், தையல் கூலி என்று தனித்தனியாக எழுது. பிரிக்கிற கூலியைக் கிலோ கணக்கில் தனி வரியில் போடு. எங்கள் எல்லாருக்கும் புரிகிற மாதிரி தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. அளவும் எடையும் சித்தி அனுப்புவாள். பொங்கல் கழிந்ததும் வியாபாரி புது ரேட் பேச வருவார், அதற்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா