அம்முவுக்கு, வண்டி விஷயமாக

அம்மு,

நேற்று போனில் உன் பைக்கைப் பற்றி நீ சொன்னது இன்னும் மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கினால் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு இழுப்பு, மெதுவாகப் போனால் கீழே ஏதோ தகரத்தில் உரசுகிற சத்தம், சர்வீஸ் விட்ட இடத்தில் கேட்டால் எல்லாம் பார்த்தாச்சு என்கிறார்கள் என்றாய். அது அநேகமாகச் செயின்தான். தளர்ந்து தொங்குகிறது. போனில் இதையெல்லாம் விளக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படி.

நீ வாங்கியிருப்பது ஒருவர் ஓட்டிய வண்டி. அவர் எப்போது ஆயில் மாற்றினார், எந்த ஆயில் ஊற்றினார், பிரேக்கில் கடைசியாக யார் கை வைத்தது, எதுவும் நமக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் 'செய்யவில்லை' என்றே எடுத்துக்கொள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாவற்றையும் ஒரு தடவை மாற்றிவிட்டு, மாற்றிய தேதியையும் அன்றைக்கு மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வை. அப்புறம் உன் வண்டிக்கான மேனுவல் வேண்டும். முந்தைய ஓனரிடம் இல்லை என்றால் கம்பெனியின் தளத்தில் தேடு, பெரும்பாலான வண்டிகளுக்குக் கிடைக்கும். நான் கீழே சொல்கிற அளவுகள் பொதுவானவை. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி, அப்பா சொன்னார் என்று நிற்காதே.

சரி, செயின். பின்சக்கரத்தை இணைக்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், செயின் எவ்வளவு ஆட வேண்டும் என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கும். பல சாதாரண வண்டிகளில் அது 20 முதல் 35 மி.மீ.க்குள் ஏதோ ஒன்றாக இருக்கும். எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, செயின் சுற்றுகிற பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ச் செயினை விரலால் மேலே தள்ளிக் கீழே இழுத்துப் பார். ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்தால் ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதே. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நாலைந்து இடத்தில் பார், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. எங்கே அதிகமாக இறுகியிருக்கிறதோ அங்கே வைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும். இறுக்கமான இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் செயினின் ஆயுள் முடியப் போகிறது என்று அர்த்தம்.

தளர்ந்திருக்கிறது என்று முறுக்கேற்றிய கம்பி போல இறுக்கிவிடாதே, அது தளர்வாக விடுவதைவிட மோசம். நீ உட்கார்ந்து, பின்னால் ஒருவரும் உட்கார்ந்து, ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்விங் ஆர்ம் மேலே எழும்பும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் கீல், பின் ஆக்சில் (சக்கர அச்சு) மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் அந்தக் கணத்தில்தான் செயினுக்கு அதிகபட்ச நீளம் தேவைப்படுகிறது. நிற்கும்போதே இறுக்கமாக இருந்தால் அப்போது நீள்வதற்கு இடமே இருக்காது. அந்த இழுப்பு முழுக்க கியர்பாக்ஸின் பேரிங்கிலும் பின்சக்கர பேரிங்கிலும் போய் விழும். செயின் மாற்றுவது சின்னச் செலவு, கியர்பாக்ஸைப் பிரிப்பது அப்படியில்லை.

அட்ஜஸ்ட் செய்யும்போது ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும், அவை ஒத்துப் போகவில்லை என்றால் சக்கரம் கோணலாக நிற்கிறது, செயினும் டயரும் ஒரு பக்கமாகத் தேயும். முடித்ததும் ஆக்சில் நட்டை மேனுவலில் சொல்லியிருக்கும் இறுக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சக்கரம் நகர்ந்ததும் ஆட்டம் மாறியிருக்கும், இன்னொரு தடவை அள. பின்னால் டிரம் பிரேக் என்றால் பிரேக் பெடலின் ஆட்டமும் மாறியிருக்கும், அதையும் பார்.

ஆயில் போடுவதற்கு முன் துடைக்க வேண்டும், மண்ணோடு சேர்த்து ஆயில் போட்டால் அது அரைக்கிற கலவையாகிவிடும். இப்போது வரும் பல செயின்களில் ஒவ்வொரு இணைப்பிலும் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, உள்ளே இருக்கும் கிரீஸை வெளியே விடாமல் காப்பது அவைதான். பெட்ரோல் ஊற்றியும் கம்பி பிரஷ் போட்டும் தேய்த்தால் அந்த ரப்பர் கெட்டுவிடும். செயின் கிளீனரோ மண்ணெண்ணெயோ போதும், மெத்தென்ற பிரஷ் போதும். நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் செயின் லூப்பை (செயினுக்கென்றே விற்கும் ஆயில்) உள்பக்கம் படும்படி அடி, சுற்றும்போது அது தானாக வெளியே பரவிக்கொள்ளும். ஓட்டிவிட்டு வந்து செயின் இளஞ்சூட்டில் இருக்கும்போது போட்டு, இரவு முழுக்க விட்டுவிடு. சுமாராக 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், அம்மு. செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிப்பது சுலபமாகத் தெரியும், நிறைய பேர் செய்வதையும் பார்ப்பாய். துணி மாட்டினால் விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்.

ஸ்ப்ராக்கெட் பற்களையும் அப்போதே பார்த்துவிடு. பற்கள் கூராகி ஒரு பக்கம் கொக்கி போல வளைந்திருந்தால், செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். உன் செயினில் இரு முனைகளையும் இணைக்கிற லாக் கிளிப் இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்கிறதா என்று பார். திருப்பிப் போட்டிருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிட வாய்ப்பு உண்டு.

அடுத்தது எஞ்சின் ஆயில். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. அதனால் கார் ஆயில் நல்ல ஆயில்தானே என்று யாராவது ஊற்றச் சொன்னால் கேட்காதே. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற சேர்மானம் இருக்கும், அது கிளட்ச் தட்டுகளை வழுக்க வைத்துவிடும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. டப்பாவின் பின்பக்கம் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2, பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறி) என்று போட்டிருக்கிறதா பார், மேனுவலில் சொன்ன தடிமன் (10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று ஏதாவது இருக்கும்) அதில் இருக்கிறதா பார், அவ்வளவுதான். விலை அதிகமான ஆயிலைவிட நேரத்துக்கு மாற்றிய சரியான ஆயில் மேல்.

அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நேராக நிற்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஆயில் கீழே இறங்கக் காத்திருந்து பார். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா செருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். மேல்கோட்டுக்கு மேலே போகும்படி ஊற்றுவதும் கெடுதல்தான். நீயே வடிக்கிறாய் என்றால் டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடு, பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதே, கேனில் பிடித்து வாங்கிக்கொள்கிற இடத்தில் கொடு.

பிரேக்கைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு இன்னும் கவலை. முன் டிஸ்க்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பருக்குள் பேடின் (டிஸ்க்கில் உரசும் கட்டை) ஓரம் தெரியும், அதில் வெட்டியிருக்கும் கோடு மறைகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடு. இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வரும்வரை காத்திருந்தால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். ஹேண்டில் பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைப் பார். அளவு மெல்ல மெல்லக் குறைகிறது என்றால் பெரும்பாலும் பேட் தேய்கிறது, பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. இதைத் தெரியாமல் மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால், பேட் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஓர் அடையாளத்தை நீயே மறைத்துவிடுகிறாய். திடீரென்று குறைந்தால் கசிவு, அன்றைக்கு வண்டியை எடுக்காதே.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. டாட் 4 (DOT 4) என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக் கணக்கு, ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்தக் கணக்கு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அந்தச் சூடு வரும், ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும், லீவரை அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். மூடியில் டாட் 4 என்று இருந்தால் அதையே போடு. டாட் 5 என்பது சிலிகான், பெயர் ஒட்டி வந்தாலும் மற்றதோடு கலக்கக் கூடாது. டாட் 4 பெயின்ட்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவு.

பேடு மாற்றியதும், நீ மாற்றினாலும் மெக்கானிக் மாற்றினாலும், வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரைப் பல தடவை அமுக்கி அது கெட்டியாகிறதா என்று பார். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடுகிறவரை முதல் சில அமுக்கல்களுக்கு பிரேக்கே இருக்காது. கடை வாசலிலேயே இதைச் செய்துவிட்டுக் கிளம்பு.

டயருக்கு வாரம் ஒரு முறை காற்று பார். ஓடாமல் சில மணி நேரம் நின்ற குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். ஓடிய சூட்டில் அளவு ஏறித்தான் காட்டும், அதிகமாக இருக்கிறதே என்று அப்போது இறக்கிவிடாதே. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு எவ்வளவு என்று ஸ்டிக்கரிலேயே தனியாக இருக்கும். டயரின் பட்டன்களுக்கு (தரையில் படுகிற ரப்பர் கட்டிகள்) நடுவே பள்ளத்தில் சின்ன மேடுகள் தெரியும், டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பழைய வண்டி என்பதால் இன்னொன்றும் பார்: டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு பக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தால் ஈரத்தில் பிடிக்காது. அதை நம்பி வளைவில் சாய்க்காதே.

மற்றவை சுருக்கமாக. கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும், கேபிள் முனையில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு, நேராக வரும் இடத்தில் சிக்கி நிற்பது போல் இருந்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் ஷார்ட் ஆகும். ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பேப்பராக இருந்தால் கழுவாதே, மாற்று.

வண்டி கழுவுவது உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். எஞ்சின் ஆறட்டும். பிரஷர் தண்ணீரைச் சக்கர அச்சிலும் செயினிலும் ஸ்விட்சுகளிலும் நேராகப் பாய்ச்சாதே, கிரீஸ் இருக்கிற இடமெல்லாம் தண்ணீர் புகுந்துவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும், கழுவும்போதுதான் எங்கே ஆயில் கசிகிறது, எந்த போல்ட் காணோம் என்பதெல்லாம் கண்ணில் படும். டிஸ்க்கில் பாலிஷோ செயின் லூப்போ பட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

சீட்டைத் திறந்து டூல் கிட் இருக்கிறதா என்று பார்த்துவிடு, பழைய வண்டிகளில் பாதி ஸ்பேனர் இருக்காது. ஃப்யூஸ் பாக்ஸ் எங்கே என்று மேனுவலைப் பார்த்துக் கண்டுபிடி. ஸ்பேர் ஃப்யூஸ் இல்லை என்றால் அதே ஆம்பியரில் இரண்டு வாங்கிப் போடு. கம்பியைச் சுற்றிச் சமாளிக்காதே, வயரிங்கே எரிந்துவிடும். கிட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, என்ன குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஆக்சில் நட் ஸ்பேனரின் அளவு தெரியும்படி எடு.

அப்பா